பற்று, வரவு, பட்டை நாமம்: கணக்கு அலுவலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜவுளிக்கடை, மளிகைக்கடை, மஞ்சள் மண்டி என்று பல தொழில்காரர்கள் பை நிறைய பில்லோடு வந்து உட்காருவார்கள். படிப்பு முடித்த கையோடு வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களில் பாதிக்கு மேல் சொற்களைப் பற்றியவை. கடையில் ஒரு பொருள், புத்தகத்தில் ஒரு பொருள், தெருவில் ஒரு பொருள் என்று ஒரே சொல் மூன்று வேஷம் போடும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டதும் எல்லோரும் சேர்ந்து சிரித்தவை பல. ஆனால் ஒன்றுகூட அசட்டுக் கேள்வி இல்லை.

"டெபிட்டுன்னா போச்சு, கிரெடிட்டுன்னா வந்துச்சு. அவ்வளவுதானுங்களே மேடம்?"

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். அந்தச் செய்தியைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் உங்கள் கடைக் கணக்கில் பத்தாயிரம் ரூபாயை வங்கியில் கட்டினால், நாங்கள் வங்கிக் கணக்கை டெபிட் செய்வோம். வங்கிக்காரர் அதே பத்தாயிரத்தை கிரெடிட் என்பார். இரண்டு பேரும் சரி.

காரணம் இதுதான்: குறுஞ்செய்தி வருவது வங்கியின் புத்தகத்திலிருந்து. நீங்கள் கட்டிய பணம் வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதனால் அவர்கள் புத்தகத்தில் கிரெடிட். உங்கள் புத்தகத்தில் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டியவர், அதனால் டெபிட். யாருடைய நோட்டு என்று முதலில் கேட்டுவிட்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். கீழே வரும் பல கேள்விகளுக்கும் இதுதான் சாவி.

"பற்று, வரவுன்னு தமிழ்ல சொன்னா மட்டும் புரிஞ்சிடுமாக்கா?"

மளிகைக்கடையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உடனே புரியும். "அவர் பேர்ல பற்று எழுது" என்று அப்பா சொல்லிக் கேட்டிருப்பார்கள். நம்மிடம் வாங்கிக்கொண்டு போனவர் பெயரில் பற்று, அவர் கொடுத்ததும் வரவு. பள்ளிப் பாடநூலும் இதைத்தான் எடுத்துக்கொண்டது: டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு.

வேடிக்கை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் தமிழில் கணக்கியல் படித்தவர்களுக்கு டெபிட் என்றால் வரவு, கிரெடிட் என்றால் செலவு! நம் ஊர் வரவும் அவர்கள் வரவும் நேரெதிர்ப் பக்கங்கள். அவர்கள் காசுக் கணக்கைக் கண்முன் வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்: காசு உள்ளே வந்தால் அந்தக் கணக்கில் டெபிட், ஆகவே வரவு. நாம் ஆளின் பேரேட்டை, அதாவது ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக எழுதும் கணக்கைக் கண்முன் வைத்தோம். யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் ஈரோட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்து கணக்கு எழுத உட்கார்ந்தால், முதல் ஒரு மணி நேரம் சொல்லைச் சரிசெய்யவே ஆகும். அதற்குப் பிறகு தகராறு வராது. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி அச்சிட்டுக் கொடுத்த அதே இரட்டைப் பதிவு முறைதான் இரண்டு இடத்திலும்: ஒவ்வொன்றையும் ஒரு கணக்கில் டெபிட்டாகவும் இன்னொன்றில் கிரெடிட்டாகவும் எழுதுவது. அவரும் அதைக் கண்டுபிடித்தவர் அல்ல. அந்த ஊர் வணிகர்கள் எழுதிக்கொண்டிருந்ததைப் புத்தகமாக்கினார்.

"நான் போட்ட முதல் எப்படிங்க கடன் பக்கத்துல வருது? கடையும் என்னுது, பணமும் என்னுது!"

இதைக் கேட்கும்போது சிலருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிடும். கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் வேறு, உங்கள் கடை வேறு. ஐந்து லட்சம் போட்டுக் கடை திறந்தால் கடை உங்களுக்கு ஐந்து லட்சம் தர வேண்டும். அதனால் நீங்கள் போட்ட மூலதனம், பொறுப்புகள் பக்கத்தில் போய் உட்காரும். முதல் கேள்வியில் சொன்னதுதான்: யாருடைய நோட்டு? இது கடையின் நோட்டு.

இதன் மறுபக்கம் இன்னும் சுவாரசியம். சொந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு சோப்பும் ஒரு கிலோ துவரம்பருப்பும் எடுத்துப் போனால் அதற்குப் பெயர் "எடுப்புகள்". ஒரு மளிகைக்காரரின் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா நான் கடன்லயா சாம்பார் வச்சேன்?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தப் பருப்பை எழுதாமல் விட்டால் வருடக் கடைசியில் இருப்பு குறையும், வேலைக்கு நிற்கிற பையன்மேல் பழி விழும். நான் இதில் கறாராக இருப்பது அந்தப் பையனுக்காகத்தான்.

"பற்பல கடனாளிகள்னு போட்டிருக்கே, பற்பலன்னா எத்தனை பேரு?"

எண்ணிக்கை கிடையாது. நம்மிடம் கடனுக்குச் சரக்கு வாங்கியவர்கள் எல்லோரையும் ஒரு வரியில் அடைக்கும் தலைப்பு அது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் "சண்ட்ரி டெட்டார்ஸ்" என்று இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி அதை "சண்டே டெட்டார்ஸ்" என்று படித்து, ஞாயிற்றுக்கிழமை வசூலுக்குப் போக வேண்டியவர்கள் என்று தனிப் பட்டியலே போட்டுவிட்டான். கடைக்காரருக்கு அந்தப் பட்டியல் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

பாடநூல் ஏன் வாங்கியவருக்குக் கடனாளி, கொடுத்தவருக்குக் கடனீந்தோர் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறது தெரியுமா? பேச்சில் நமக்கு இருப்பது ஒரே சொல்தான்: கடன்காரன். "வாசல்ல கடன்காரன் நிக்கிறான்" என்றால் பணம் கொடுத்தவர். "அவன் பெரிய கடன்காரன்" என்றால் வாங்கியவர். போனில் "நம்ம கடன்காரர் லிஸ்ட் அனுப்புங்க" என்று யாராவது சொன்னால், கொடுக்க வேண்டியதா, வரவேண்டியதா என்று கட்டாயம் திருப்பிக் கேளுங்கள்.

"வங்கி சரிக்கட்டும் பட்டியல்னா, யாரைச் சரிக்கட்டறதுக்கு?"

யாரையும் இல்லை. தெருவில் "ஆளைச் சரிக்கட்டிட்டான்" என்றால் கையில் ஏதோ கொடுத்து வாயை அடைத்துவிட்டான் என்று பொருள். அதே சொல் பாடநூலில் நாணயமான வேலைக்குப் பெயர். உங்கள் புத்தகத்தில் வங்கி இருப்பு ஒரு தொகை, வங்கி அறிக்கையில் வேறு தொகை. நீங்கள் கொடுத்த காசோலை இன்னும் பணமாகாமல் இருக்கலாம், வங்கி சேவைக் கட்டணம் பிடித்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த வித்தியாசத்தை ஒவ்வொன்றாக எழுதி இரண்டையும் பொருத்திக் காட்டுவதுதான் இந்தப் பட்டியல்.

"சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல அப்படி என்ன சஸ்பென்ஸ்?"

எல்லாக் கணக்குகளின் மீதியையும் ஓரிடத்தில் பட்டியலிடும் இருப்பாய்வில் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடம் அது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அனாமத்துக் கணக்கு. சொந்தக்காரர் இல்லாமல் கிடக்கும் சைக்கிளை "அனாமத்தா கிடக்குது" என்போமே, அதே அனாமத்துதான். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இலங்கையில் தொங்கற் கணக்கு. அதுவும் அருமை. இருப்பாய்வுக்கு அவர்கள் சொல்லும் பெயர் பரீட்சை மீதி. ஒத்துப்போகாத இரவுகளில் அது பரீட்சை போலத்தான் இருக்கும்.

இனி சஸ்பென்ஸை உடைக்கும் வழி. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், யாரோ இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. 5,400ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. ஒரு சுழியத்தை விட்டாலும் அதே கதைதான்: 5,000க்குப் பதில் 500 என்றால் வித்தியாசம் 4,500, அதுவும் 9ஆல் வகுபடும். அதில் அகப்படவில்லையா? வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். 2,500 வந்தால் 1,250 என்ற தொகையைத் தேடுங்கள். அது தவறான பக்கத்தில் ஏறியிருக்கலாம். பேனாவை எடுத்து இந்த இரண்டையும் போட்டுப் பார்க்காமல் மொத்தப் பேரேட்டையும் புரட்ட ஆரம்பிக்காதீர்கள்.

"பார்ட்டி பட்டை நாமம் போட்டுட்டான். அதை எந்தத் தலைப்புல எழுதறதுங்க?"

பணம் வராமல் போவதற்குத் தமிழில் இருக்கும் சொல்வளம் வேறு எதற்கும் இல்லையோ என்று தோன்றும். நாமம் போட்டான், அல்வா கொடுத்தான், ஏப்பம் விட்டான், முழுங்கிட்டான், காந்தி கணக்கு. கடைசிச் சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள்: சுதந்திரப் போராட்டத் தொண்டர்களுக்குப் பொருள் கொடுத்த கடைக்காரர்கள், காந்தி கணக்கில் எழுதிக்கொள்கிறோம் என்று பணம் வாங்காமல் விட்டார்களாம். மனமுவந்து கொடுத்ததற்கு வந்த பெயர் இன்று ஏமாந்ததற்குப் பெயராகிவிட்டது.

கணக்கில் இவ்வளவும் இரண்டே சொல்லில் அடங்கும். வராது என்று உறுதியாகிவிட்டால் வாராக்கடன். வருமோ வராதோ என்றால் ஐயக்கடன். ஒரு ஜவுளி வியாபாரி இதைத் தன் மொழியில் மாற்றிச் சொன்னார்: "போனை எடுத்து நாளைக்குன்னு சொன்னா ஐயம். ஸ்விட்ச் ஆஃப்னா வாராது." புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த விளக்கத்தைத்தான் இப்போது நான் சொல்லிக் கொடுக்கிறேன். வருமான வரியில் வாராக்கடனைச் செலவாகக் காட்ட வேண்டுமானால் அந்த விற்பனை முன்பே வருமானத்தில் ஏறியிருக்க வேண்டும், கடனையும் இனி வராது என்று புத்தகத்தில் எழுதித் தள்ளியிருக்க வேண்டும். நாமம் விழுந்தது என்று மனசுக்குள் வைத்திருந்தால் போதாது.

"வாராக்கடன் வசூலானதுன்னு ஒரு வரி இருக்கே. வாராதது எப்படிக்கா வரும்?"

வரும். மகள் கல்யாணப் பத்திரிகையோடு பழைய பாக்கியையும் கொண்டுவந்து வைத்தவர்கள் உண்டு. எழுதித் தள்ளியது திரும்பி வந்தால் அந்த ஆண்டு வருமானம். அந்த ஆளின் பேரேட்டில் ஏற்றாமல் தனித் தலைப்பில் எழுத வேண்டும்.

"ஆடித் தள்ளுபடி, கடன் தள்ளுபடி, மனு தள்ளுபடி எல்லாம் ஒண்ணா?"

ஒரே சொல், நான்கு வேலை. ஆடி மாதத்தில் கடைக்காரர் விலையைக் குறைப்பது ஒன்று. நீதிமன்றம் மனுவை ஏற்காமல் விடுவது இன்னொன்று. அரசு கடனை ரத்து செய்வது மூன்றாவது: 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க் கடன் ₹12,110 கோடியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதில் விவசாயி கட்ட வேண்டியதில்லை, அவருக்காக வங்கிக்கு அரசு பொறுப்பேற்கிறது.

நான்காவதில்தான் சண்டையே வருகிறது. வங்கிகள் பெரிய கம்பெனிகளின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டன என்று செய்தி வந்ததும், "எனக்கு மட்டும் ஏன் செய்யல?" என்று கேட்பார்கள். வங்கி செய்தது வாராக்கடனைத் தன் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளியது. வாங்கியவரின் கடன் அப்படியேதான் இருக்கும். வங்கி வழக்குப் போடலாம், சொத்தை ஏலம் விடலாம். எவ்வளவு திரும்ப வந்தது என்று கேட்பது நியாயமான கோபம், அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன் எந்தத் தள்ளுபடி என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

"மஞ்சள் கடுதாசி வந்திருக்குங்க. இனி நம்ம பணம் அவ்வளவுதானா?"

மஞ்சள் கடுதாசி கொடுத்தான், ஐ.பி. கொடுத்தான் என்றெல்லாம் சொல்வது நொடிப்பு மனுவைத்தான். கடனைக் கட்ட வழியில்லை என்று ஒருவர் நீதிமன்றத்தில் போடும் மனு. 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சிரிக்கிற விஷயம் இல்லை இது. கடுதாசி வந்தவுடன் பலர் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள், அதுதான் பெரிய நஷ்டம். அவருடைய சொத்து விற்றுப் பங்கு பிரிக்கப்பட்டால், பில்லும் பேரேடும் காட்டிக் கோரிக்கை கொடுத்தவருக்குத்தான் கிடைக்கும்.

அப்படிப் பிரித்துக் கொடுப்பதற்கும் டிவிடெண்ட் என்றுதான் பெயர். பங்குச்சந்தையில் லாபத்தில் வருவது டிவிடெண்ட், ஏலச்சீட்டில் தள்ளிப் பிரிப்பது டிவிடெண்ட், நொடித்தவரின் வீட்டை விற்று ரூபாய்க்குச் சில பைசா வருவதும் டிவிடெண்ட். "டிவிடெண்ட் வருது" என்று சொல்லும்போது குரலைக் கேட்டாலே எந்த வகை என்று தெரியும்.

"ரிட்டர்ன் போட்டா எவ்வளவு ரிட்டர்ன் வரும்?"

ரிட்டர்ன் என்பது நீங்கள் அரசுக்குத் தாக்கல் செய்யும் படிவம். திரும்பி வரும் பணத்துக்குப் பெயர் ரீஃபண்ட். அதிகமாகக் கட்டியிருந்தால்தான் வரும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்த பிறகு இதில் இன்னொரு சந்தேகமும் சேர்ந்தது: "வியாபாரமே நடக்கல, எதுக்கு நில் ரிட்டர்ன்?" ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

"நடக்கிற வருஷத்தை எதுக்குங்க அம்மிணி முந்தைய ஆண்டுங்கிறீங்க?"

அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மண்டிக்காரர் வருடா வருடம் கேட்ட கேள்வி இது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், சம்பாதிக்கிற வருடத்துக்குப் பெயர் முந்தைய ஆண்டு. அதற்கடுத்து வரி கணக்கிடும் வருடம் மதிப்பீட்டு ஆண்டு. அடுத்த வருடத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்து வைத்த பெயர். அதனால் செலானில் ஆண்டு தப்பாகப் போட்டு, பணம் வேறு வருடத்தில் போய் உட்கார்ந்த கதைகள் எல்லா ஆடிட்டர் அலுவலகத்திலும் உண்டு. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டு வரி ஆண்டு என்று ஒரே பெயர் வைத்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மண்டிக்காரர் கேட்டது நியாயம் என்று சட்டமே ஒத்துக்கொண்டதாக எனக்குச் சந்தோஷம்.

"கம்ப்யூட்டரைக் காயலான் கடையில போட்டாச்சு. கணக்குல மட்டும் ஏன் இன்னும் உயிரோட இருக்கு?"

தேய்மானம் குறைந்துவரும் மதிப்பில் கணக்கிடப்படுவதால். கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீதம். ₹50,000க்கு வாங்கியது முதல் வருடம் 20,000 தேய்ந்து 30,000. அடுத்த வருடம் 30,000இல் 40 சதவீதம், மீதி 18,000. அப்புறம் 10,800, 6,480, 3,888. குறைந்துகொண்டே போகும், சுழியத்தைத் தொடாது. விற்றதைச் சொன்னால் விற்ற தொகையைக் கழிப்போம். சொல்லாமல் விட்டால் பெட்டி போன பிறகும் அதன் ஆவி புத்தகத்தில் உலாவிக்கொண்டே இருக்கும். எடைக்குப் போட்ட சீட்டையாவது கொண்டுவாருங்கள்.

"ஊர்ல எங்களுக்கு அப்படி ஒரு நல்ல பேரு. அதையும் சொத்துல சேர்த்து எழுதுங்களேன்?"

நற்பெயர் என்று ஒரு சொத்து கணக்கில் உண்டு. ஆனால் நீங்களே சம்பாதித்த பெயரை நீங்களே விலை போட்டு எழுத முடியாது. வேறொருவர் உங்கள் கடையை, அதன் சொத்துகளில் கடன் போக மீதியுள்ள மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதல் தொகை அவர் புத்தகத்தில் நற்பெயராக ஏறும். மூன்று தலைமுறை கட்டிக்காத்த பெயர் வாங்கியவரின் சொத்துப் பட்டியலில்தான் முதன்முதலாகத் தெரியும் என்பது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

"பில்லுக்கு அடியில ஈ அண்ட் ஓ ஈன்னு இருக்கே, யாரோட இனிஷியல் அது? அப்புறம் எதுக்கு 'மட்டும்'?"

இனிஷியல் இல்லை. தவறோ விடுபடலோ இருந்தால் திருத்திக்கொள்ளும் உரிமை உண்டு என்பதன் சுருக்கம் அது. "ரூபாய் ஐயாயிரம் மட்டும்" என்று எழுதுவது அவ்வளவுதானா என்று மட்டம் தட்டுவதற்கு இல்லை. அதற்குப் பின்னால் யாரும் "ஐநூறு" என்று சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. காசோலையில் இதை விடவே விடாதீர்கள்.

"சிடிசி மூணு லட்சம்னு சொன்னாங்க. மாசம் இருபத்தஞ்சாயிரம் வரணும்ல, ஏன் வரல?"

சிடிசி என்பது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதாவது கம்பெனியின் நோட்டு. திரும்பவும் முதல் கேள்விதான். அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால், அதில் 12 சதவீதமாக 2,400 கம்பெனி பி.எஃப்.புக்குக் கட்டுவது, பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஏறக்குறைய 962 ஒதுக்குவது, இவை இரண்டையும் சிடிசிக்குள் சேர்ப்பது வழக்கம். உங்கள் பங்கு பி.எஃப். 2,400 தனியாகப் பிடிப்பார்கள். பணிக்கொடையோ பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். நேர்முகத்தில் "கைக்கு எவ்வளவு வருமுங்க?" என்று நேராகக் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

"காதுகுத்துக்கு வந்த மொய் வரவா, கடனா?"

ஊர் வழக்கில் கடன். மொய் நோட்டு என்பது நம் பாட்டிகள் பேணிய மிகச் சுத்தமான பேரேடு: பெயர், ஊர், தொகை. அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யாவிட்டால் வட்டி கேட்க மாட்டார்கள், வார்த்தையில் கேட்டுவிடுவார்கள்.

வரிச் சட்டம் இதை அன்பளிப்பாகப் பார்க்கிறது. கல்யாணத்தின்போது பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. காதுகுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வந்த மொத்தத் தொகை ₹50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். இங்கே உறவினர் என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தாய்மாமன் அதில் வருகிறார். அவர் சீர் எவ்வளவு செய்தாலும் வரி இல்லை. ஆனால் சித்தப்பா மகன் வரமாட்டார், பங்காளிகள் பெரும்பாலும் வரமாட்டார்கள். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் நம்புவதில்லை. அதனால் மொய் எழுத உட்காருபவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஊர்ப் பெயருக்கு அடுத்து உறவுமுறைக்கும் ஒரு பத்தி போடச் சொல்லுங்கள்.